அரிசிக்கு ஒரு தராசு, வரிக்கு மறு தராசா?

நாட்டு நடப்பை நாளேடுகளில் ஊன்றிப் படிக்கும் அன்பர்களுக்கு இரண்டு நாட்களை நினைவூட்டி இக்கட்டுரையைத் தொடங்க விழைகிறேன்.

முதல் நாள், 2013 ஆகஸ்ட் 27. அதற்கு முந்திய இரவுதான் தேசிய உணவுப் பாதுகாப்பு மசோதா மக்களவையில் நிறைவேறியிருந்தது. பொழுது விடிந்து வணிகம் தொடங்கியதும் மும்பைப் பங்குச் சந்தையின் குறியீட்டெண் 590 புள்ளிகள் சரிந்தது. மறுநாள், ஒரு டாலருக்கு 68 ரூபாய்க்கும் மேல் கொடுக்க வேண்டிய நிலைக்கு நம் நாணயம் தாழ்ந்தது. ஏழைக்குச் சோறு போடப் போய் நாடே கடனாளியாகப் போகிறது என்ற ஓலம் நாற்புறமும் எழுந்தது.

இரண்டாம் நாள், 2019 செப்டம்பர் 20. நிறுவனங்கள் செலுத்தும் வருமான வரியின் அடிப்படை விகிதத்தை 30 விழுக்காட்டிலிருந்து 22 விழுக்காடாகக் குறைத்தும், புதிதாகத் தொடங்கப்படும் உற்பத்தி நிறுவனங்களுக்கு அதனை 15 விழுக்காடாகவே வைத்தும் ஓர் அவசரச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. இதனால் அரசின் வருவாயில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1,45,000 கோடி ரூபாய் குறையும் என்று நிதியமைச்சரே அன்று அறிவித்தார். அதே குறியீட்டெண் அன்று ஒரே நாளில் 1,921 புள்ளிகள் உயர்ந்தது. பற்றாக்குறை குறித்து முன்னர் ஓலமிட்டோரில் பெரும்பாலார் அன்று வாழ்த்துப் பாடினர்.

முதல் நாளில் பேசப்பட்ட தொகை ஆண்டிற்குச் சுமார் 1,25,000 கோடி ரூபாய். இரண்டாம் நாளில் பேசப்பட்டதோ 1,45,000 கோடி ரூபாய். ஒன்று பசித்த வயிற்றுக்குச் சென்றது. அதைச் செலவு என்றார்கள். மற்றொன்று நிறுவனங்களின் கணக்கில் தங்கியது. அதை ஊக்கம் என்றார்கள். பெயர் மாறியதால் பொருள் மாறிவிடுமோ? கருவூலத்தில் விழுந்த பள்ளம் இரண்டிலும் பள்ளமே அன்றோ?

செலவைப் பற்றி வாதிடுவது தவறென்று யாரும் சொல்லவில்லை. வாதிட வேண்டும், கடுமையாகவே வாதிட வேண்டும். ஆனால் எதை அளப்பதாயினும் ஒரே தராசால் அளத்தல் வேண்டும், ஒரே படிக்கல்லால் நிறுத்தல் வேண்டும். இந்த எளிய நெறியை நம் நாட்டின் நிதி வாதங்கள் கைவிட்டுப் பல்லாண்டுகள் ஆகின்றன என்பதே என் குற்றச்சாட்டு.

முதலில் பற்றாக்குறை என்றால் என்னவென்று தெளிவு செய்துகொள்வோம். நம் குடும்பங்களிற் பலவும் வணிகக் குடும்பங்கள். சிட்டை, பேரேடு, ஐந்தொகை என்ற சொற்கள் நம் வீட்டுச் சிறுவர்களுக்கும் புதியன அல்ல. ஆண்டு முடிவில் செலவு மிகுந்து வரவு குறைந்தால், இடைவெளியை நிரப்பக் கடன் வாங்குகிறோம். அரசும் அவ்வாறே. கடன் நீங்கலாக அரசுக்கு வரும் வருவாய்க்கும், அது செய்யும் மொத்தச் செலவிற்கும் உள்ள வேறுபாடே நிதிப் பற்றாக்குறை. இதனை நாட்டின் மொத்த உற்பத்தியில் 3 விழுக்காட்டிற்குள் அடக்க வேண்டும் என்ற நோக்குடன் 2003இல் ஒரு சட்டமும் இயற்றப்பட்டது.

இந்த விளக்கத்திலேயே ஓர் உண்மை அடங்கியிருக்கிறது. பற்றாக்குறைக்கு இரு வாயில்கள் உண்டு. செலவு கூடினாலும் அது பெருகும். வரவு குறைந்தாலும் அது பெருகும். கடையில் பத்து மூட்டைச் சரக்கைக் கூடுதலாக வாங்கியவனும், வரவேண்டிய பாக்கியைத் தள்ளுபடி செய்தவனும் ஐந்தொகையில் ஒரே இடத்திற்குத்தான் வந்து சேர்கிறார்கள். ஆனால் நம் நாடாளுமன்ற நடைமுறையோ ஒரு வாயிலில் மட்டும் காவலனை நிறுத்தியிருக்கிறது. செலவு உண்டாக்கும் ஒவ்வொரு மசோதாவுடனும் நிதிக் குறிப்பு ஒன்று இணைக்கப்படுதல் வேண்டும் என்று மக்களவை விதிகளில் 69ஆம் விதி வற்புறுத்துகிறது. வரவைக் குறைக்கும் மசோதாவிற்கு அந்த விதி இல்லை. அரிசி கொடுக்கும் மசோதா தன் விலையை நெற்றியில் எழுதிக்கொண்டு அவைக்குள் நுழைய வேண்டும். வரி குறைக்கும் மசோதா வெறும் நெற்றியோடு நுழையலாம். 2019இல் நிதியமைச்சர் தாமாகவே தொகையைச் சொன்னார் என்பது பாராட்டத்தக்கதே. ஆயினும் ஒருவருடைய பெருந்தன்மையை நம்பி ஒரு நாட்டின் கணக்கு நிற்றல் ஆகாது.

இனி, 2013ஆம் ஆண்டின் வாதத்தைச் சற்று விரிவாகவே பார்ப்போம். அந்தச் சட்டம் என்ன சொன்னது? ஊரகத்தில் 75 விழுக்காட்டினருக்கும் நகரங்களில் 50 விழுக்காட்டினருக்கும், ஆளொன்றுக்கு மாதம் 5 கிலோ தானியம். அரிசி கிலோ 3 ரூபாய், கோதுமை 2 ரூபாய், சிறுதானியம் 1 ரூபாய். வறியோரிலும் வறியோராகிய அந்தியோதயாக் குடும்பங்களுக்கு மாதம் 35 கிலோ. ஏறத்தாழ 81 கோடி மக்கள் இதன் வரம்பிற்குள் வந்தனர். ஒரு கிலோ அரிசியைக் கொள்முதல் செய்து, மூட்டை கட்டி, காத்து, கடைவரை கொண்டு சேர்க்க அப்போது அரசுக்கு ஆன அடக்க விலை சுமார் 26 ரூபாய். மூன்று ரூபாய் போக எஞ்சியதை அரசு சுமந்தது. சுமை பெரிதுதான். மறுப்பார் இல்லை.

ஆனால் 1,25,000 கோடி என்ற எண்ணை முரசறைந்தவர்கள் ஒன்றைச் சொல்லாமல் விட்டனர். அதில் பெரும்பகுதி புதிய செலவன்று. நியாய விலைக் கடைகள் அதற்கு முன்னும் இருந்தன. உணவு மானியமும் இருந்தது. 2013-14 வரவு-செலவுத் திட்டத்தில் உணவு மானியத்திற்கு ஒதுக்கப்பட்டது 90,000 கோடி ரூபாய். அதில் புதிய சட்டத்திற்கென்று தனியே சேர்க்கப்பட்டது 10,000 கோடி மட்டுமே. அதாவது, சட்டமே வாராது போயினும் 80,000 கோடி ரூபாய் செலவாகியே இருக்கும். ஆகவே சட்டத்தினால் கூடும் சுமை, முழு ஆண்டுக் கணக்கில், சுமார் 45,000 கோடி. வாடகை வீட்டில் 8,000 ரூபாய் கொடுத்து வந்தவன் 12,500 ரூபாய் வீட்டிற்குக் குடிபோனால், அவனுக்குக் கூடிய செலவு 4,500 ரூபாயா, 12,500 ரூபாயா? சிறுவனும் விடை சொல்வான். மெத்தப் படித்தவர்களுக்கு மட்டும் அன்று இந்தக் கழித்தல் கணக்கு மறந்துபோயிற்று.

இவ்விடத்தில் ஒரு நியாயமான மறுப்பு எழக்கூடும். 2013ஆம் ஆண்டின் ரூபாயும் 2019ஆம் ஆண்டின் ரூபாயும் ஒன்றல்ல. இடையில் நாட்டின் உற்பத்தியும் பெருகியது. விழுக்காட்டில் பார்த்தால் முன்னதே பெரிய தொகை என்பர். உண்மை. அதனை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முன்னதில் மூன்றில் இரு பங்கிற்கும் நெருக்கமான தொகை பழைய செலவு. பின்னதோ முழுவதும் புதிதாக விட்டுக்கொடுத்த வரவு. அந்த வேறுபாட்டையும் சேர்த்து நிறுத்தால் எந்தத் தட்டு தாழ்கிறதென்று வாசகர்களே கண்டுகொள்ளலாம்.

ரூபாய் விழுந்ததே, அதற்கு விடை என்ன என்று கேட்பீர்கள். அவ்வாண்டு மே மாதம் முதற்கொண்டே அமெரிக்க மத்திய வங்கி தன் பண வெள்ளத்தைக் குறைக்கப்போவதாகக் குறிப்புக் காட்டி வந்தது. வளரும் நாடுகள் பலவற்றிலிருந்தும் முதல் வெளியேறியது. நம் நாட்டின் நடப்புக் கணக்குப் பற்றாக்குறை, அதாவது வெளிநாட்டிற்குச் செல்லும் பணம் அங்கிருந்து வருவதைவிட மிகும் அளவு, 2012-13இல் 4.8 விழுக்காட்டை எட்டியிருந்தது. அந்த ஆகஸ்ட் இறுதியில் சிரியாவில் போர் மூளும் என்ற அச்சத்தால் எண்ணெய் விலையும் ஏறியது. இத்தனை காரணங்கள் இருக்க, ஏழையின் சோற்றுத் தட்டையே சுட்டிக்காட்டினார்கள். சட்டம் செப்டம்பரில் ஏட்டில் ஏறியது. அது அப்படியே இருக்க, ஆண்டு முடிவில் டாலர் 62 ரூபாய் அளவிற்கு இறங்கியது. அரிசிதான் நாணயத்தை வீழ்த்தியதென்றால், அரிசி இருக்கவே நாணயம் எழுந்தது எவ்வாறு?

இது ஒருபுறமிருக்க, 2019ஆம் ஆண்டின் சலுகை என்ன பயன் தந்தது என்பதையும் அதே கண்டிப்புடன் கேட்க வேண்டும். 2018-19இல் நிறுவன வரியாக வந்தது சுமார் 6.64 லட்சம் கோடி ரூபாய். 2019-20இல் அது 5.57 லட்சம் கோடியாகச் சுருங்கியது. பொருளாதாரத் தேக்கமும் அதற்கு ஒரு காரணம் என்பதை மறைக்க வேண்டுவதில்லை. ஆண்டுத் தொடக்கத்தில் 3.3 விழுக்காடு என்று குறித்த நிதிப் பற்றாக்குறை, ஆண்டு முடிவில் 4.6 விழுக்காடாயிற்று. பின்னைய ஆண்டுகளில் நிறுவன வரி மீண்டும் ஏறியது. எனினும் 2023-24இல் தனிமனிதர்கள் செலுத்திய வருமான வரி 10 லட்சம் கோடியைக் கடந்து நிற்க, நிறுவனங்கள் செலுத்தியது 9 லட்சம் கோடியை ஒட்டியே நின்றது. மாதச் சம்பளக்காரனும் சிறு வணிகனும் பெருநிறுவனங்களை விஞ்சி வரி செலுத்தும் காலத்திற்கு வந்துவிட்டோம். சலுகையால் முதலீடு பெருகும், முதலீட்டால் வேலை பெருகும் என்றார்கள். பெருகியது எவ்வளவு என்று, உணவு மானியத்தின் ஒவ்வொரு காசையும் எண்ணிக் கேட்டவர்கள் இதையும் எண்ணிக் கேட்டனரா?

இதுவரை சொன்னது ஓரக்கண் பார்வையின் கதை. இனிச் சொல்லப்போவது கணக்கையே மறைத்த கதை. இதில் எந்தக் கட்சி அரசும் தூயதன்று.

2013-14இல் பற்றாக்குறை 4.8 விழுக்காட்டைத் தாண்டாது என்று உறுதியளிக்கப்பட்டு, 4.5 விழுக்காட்டிலேயே முடிந்ததாகக் கணக்குக் காட்டப்பட்டது. கேட்க இனிமையாக இருந்தது. ஆனால் அவ்வாண்டில் கொடுக்க வேண்டிய மானியப் பாக்கிகள் அடுத்த ஆண்டின் தலையில் தள்ளப்பட்டிருந்தன. அடுத்து வந்த ஆட்சி அந்த வழியை அகலப்படுத்தியது. இந்திய உணவுக் கழகத்திற்கு அரசு கொடுக்க வேண்டிய மானியத்தை நேரே கொடுக்காமல், தேசிய சிறுசேமிப்பு நிதியிலிருந்து அக்கழகத்தைக் கடன் வாங்கச் செய்தது. அஞ்சலகத்தில் நம் தாய்மார்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் கடனாக மாறிற்று; அந்தக் கடன் கழகத்தின் ஏட்டில் ஏறிற்று; அரசின் பற்றாக்குறைக் கணக்கிலோ அது தோன்றவேயில்லை. 2016-17ஆம் ஆண்டுக் கணக்கை ஆராய்ந்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளர், இவ்வாறு வரவு-செலவுத் திட்டத்திற்கு வெளியே கடன் வாங்குவதைக் குறை கூறினார். இருந்தும் வழக்கம் தொடர்ந்தது.

இறுதியில், 2021 பிப்ரவரியில் திரை விலகியது. அந்தக் கடனை அடைத்து, வழக்கத்தையும் நிறுத்துவதாக அரசு அறிவித்தது. 2020-21க்கு முதலில் 1,15,570 கோடி என்று காட்டிய உணவு மானியம், திருத்திய மதிப்பீட்டில் 4,22,618 கோடியாக உயர்ந்து நின்றது. பெருந்தொற்றுக் காலத்தில் கொடுத்த இலவச தானியமும் அதில் உண்டு. பல்லாண்டு மறைத்துவைத்த பாக்கியும் அதில் உண்டு. அவ்வாண்டின் பற்றாக்குறை மதிப்பீடு 3.5 விழுக்காட்டிலிருந்து 9.5 விழுக்காடாகத் தாவியது. இரண்டு ஏடு வைத்துக் கொள்ளும் வணிகனை ஊரார் என்ன பெயரிட்டு அழைப்பர் என்பதை நான் இங்கு எழுத வேண்டியதில்லை. கணக்கை வெளியே கொண்டுவந்ததற்காக நன்றி சொல்வோம். அதுவரை மறைத்ததற்காக எவரும் மன்னிப்புக் கேட்கவில்லை என்பதையும் நினைவிற் கொள்வோம்.

பிறருடைய குறைகளை மட்டும் சொல்லி நிறுத்தினால் நானும் ஒரு பக்கத் தராசு பிடித்தவனாவேன். ஏழைகளுக்காகப் பரிந்து பேசுவோரிடையேயும் ஒரு பிழை இருக்கிறது. ஏழைக்குக் கொடுப்பதற்குக் கணக்குக் கேட்பதே கொடுமை என்று அவர்கள் எண்ணுகிறார்கள். அது தவறு. 2023-24 வரவு-செலவுத் திட்டத்தின் மொத்தம் 45 லட்சம் கோடி ரூபாய். அதில் வட்டிக்கு மட்டும் ஒதுக்கப்பட்டது 10.80 லட்சம் கோடி. உணவு மானியத்திற்கோ 1.97 லட்சம் கோடி. ஐந்து மடங்கிற்கும் மேலான தொகை வட்டியாகக் கரைகிறது. அந்த வட்டியைக் கட்டுவது யார்? சோப்புக் கட்டியிலும் செருப்பிலும் மறைமுக வரி செலுத்தும் ஏழையும் சேர்ந்துதான் கட்டுகிறான். மறைந்தவரின் கடனைத் தீர்க்காமல் வாரிசுகளுக்குப் பங்கு பிரிக்கக் கூடாது என்று கற்று வளர்ந்த நாம், கடனை அற்பமாக எண்ணலாகாது.

சிந்திச் சிதறுவதையும் கேட்கத்தான் வேண்டும். 2011-12ஆம் ஆண்டின் நுகர்வு ஆய்வை வைத்துக் கணக்கிட்ட அறிஞர்கள், நியாய விலைக் கடைகளுக்கென்று புறப்பட்ட தானியத்தில் ஐந்தில் இரு பங்கிற்கும் மேல் மக்களின் வீடுகளைச் சென்று சேரவில்லை என்று கண்டனர். இதைக் காட்டித் திட்டத்தையே மூடச் சொல்வோர் உண்டு. குடத்தில் ஓட்டை இருந்தால் ஓட்டையை அடைப்பார்களா, தாகத்தோடு இருப்பவனைத் தண்ணீர் குடிக்காதே என்பார்களா? ஓட்டையை அடைத்துக் காட்டிய மாநிலங்களும் உண்டு. சத்தீஸ்கர் அவற்றுள் ஒன்று. தமிழ்நாட்டிலோ எல்லாக் குடும்பத்திற்கும் உரிய பொது வழங்கல் முறை நெடுநாளாக நடந்து வருகிறது. 2011 முதல் அரிசி விலையின்றியே வழங்கப்பட்டது. 2016 நவம்பரில்தான் இம்மாநிலம் மத்தியச் சட்டத்தில் இணைந்தது என்பதும் குறிப்பிடத்தக்கது.

செலவின் பயன் உடனே ஏட்டில் தெரியாது என்பதற்கும் நம் மாநிலமே சான்று. 1982இல் சத்துணவுத் திட்டம் விரிவுபடுத்தப்பட்டபோது, மாநிலத்தின் நிதி இதைத் தாங்குமா என்ற கேள்வி எழுந்தது. கேள்வி நியாயமானதே. ஆனால் பள்ளிக்கு வந்த பிள்ளையின் வயிறு நிறைந்ததும், அதன் பின் அந்தப் பிள்ளை எழுத்தறிந்து ஒரு தொழிலில் நின்றதும் அவ்வாண்டின் வரவுப் பக்கத்தில் எங்கே எழுதப்பட்டிருக்கும்? 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம், பள்ளிகளில் சமைத்த உணவு வழங்குமாறு எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்டது. தாங்குமா என்று ஐயுற்ற செலவு, நாட்டிற்கே நெறியாயிற்று.

இந்த நோய் நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் மசோதாக்களின் செலவை அளந்து சொல்வதற்கென்றே 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் நாடாளுமன்ற நிதி அலுவலகம் ஒன்று அமைக்கப்பட்டது. 2025 ஜூலை 4 அன்று அங்கு கையொப்பமான பெரும் வரி, செலவுச் சட்டம் பத்தாண்டுகளில் பற்றாக்குறையை 3.4 லட்சம் கோடி டாலர் பெருக்கும் என்றும், மருத்துவக் காப்பீடு இல்லாதோர் தொகை 2034இல் சுமார் ஒரு கோடி கூடுதலாக இருக்கும் என்றும் அந்த அலுவலகம் மதிப்பிட்டது. ஆளுங்கட்சியினர் என்ன செய்தனர்? முடியவிருந்த பழைய வரிச் சலுகைகளை நீட்டிப்பது புதிய செலவாகாது என்று அளவுகோலையே மாற்றிக்கொண்டனர். வரிச் சலுகைக்குப் பூஜ்யம்; ஏழையின் மருத்துவத்திற்குக் கத்திரி! எனினும் அங்கே ஒரு நன்மை உண்டு. ஆட்சியாளர் என்ன சொன்னாலும், அவர்களுக்குக் கட்டுப்படாத ஓர் அலுவலகம் சொன்ன எண் மக்கள் முன் நிற்கிறது. நம்மிடம் அதுவும் இல்லை. இத்தகைய நிதி மன்றம் ஒன்று வேண்டும் என்று என்.கே. சிங் தலைமையிலான குழு 2017இல் பரிந்துரைத்தது. பரிந்துரை ஏட்டோடு நின்றது.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை மூன்று. செலவைக் கூட்டும் மசோதாவாயினும் வரவைக் குறைக்கும் மசோதாவாயினும், அடுத்த சில ஆண்டுகளில் அதனால் ஏற்படும் சுமையைக் கூறும் குறிப்பு அதனோடு வருதல் வேண்டும். அந்தக் குறிப்பை எழுதுவோர் ஆளுங்கட்சிக்கும் எதிர்க்கட்சிக்கும் அஞ்சாதவராய் இருத்தல் வேண்டும். கழகங்களின் தலையில் கடனைச் சுமத்தி அரசின் ஏட்டை வெள்ளையாகக் காட்டும் வழக்கம், எந்தப் பெயரிலும் திரும்பி வரலாகாது. 2024 ஜனவரி முதல் ஐந்தாண்டுகளுக்கு இலவச தானியம் வழங்க 11.80 லட்சம் கோடி ரூபாய் ஆகும் என்று அரசு வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. அது நல்ல முறை. வரிச் சலுகை ஒவ்வொன்றுக்கும் அதே போல் ஐந்தாண்டுக் கணக்கைச் சொல்லட்டும்.

அன்பர்களே! அடுத்த பெரிய மசோதா அவைக்கு வரும்போது, நாடு தாங்குமா என்ற கேள்வி மீண்டும் எழும். கேட்பவரை வெறுக்காதீர்கள். 2019 செப்டம்பரில் நீங்கள் இதே கேள்வியைக் கேட்டீர்களா என்று மட்டும் அவரிடம் பணிவாகக் கேளுங்கள். கேட்டவர் என்றால் அவர் சொல்வதைச் செவிமடுப்போம். கேட்காதவர் என்றால், அவர் கையில் இருப்பது தராசு அன்று என்று அறிந்துகொள்வோம்.